ரெஜினாளுக்கு ஒரு ரிசீவர்

தூத்துக்குடி சிப்பிக்கடைத் தெருவில் ரெஜினாளின் குரல் இசைத்தட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது ஒரு திங்கட்கிழமைக் காலையில், அடுப்பில் இட்லிக் கொப்பரை ஆவி விட்டுக்கொண்டிருந்தபோது. இதில் வாயைப் பிளக்க ஒன்றுமில்லை என்றுதான் தெரு சொன்னது. அந்த வீட்டில் என்ன சத்தம் எழுந்தாலும் கடைசியில் இசைத்தட்டுப் பக்கம்தான் போய்ச் சேரும். அவள் புருஷன் இன்னாசி நடத்தியது ஸ்டெல்லா சவுண்ட் சர்வீஸ். கல்யாணத்துக்கும் சடங்குக்கும் சப்பரத்துக்கும் கூம்பு ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போடுகிற கடை. முன்னறையில் கடை, பின்னறையில் குடித்தனம், நடுவில் ஒரு துணித் திரை. இன்னாசியின் காதைப் பற்றி ஊரில் பெரிய பேச்சு. யார் வீட்டு ரேடியோ பாடினாலும் தெருவில் நடந்து போகிற போக்கிலேயே, அந்த செட்டில் ஒரு வயரை மாத்திச் சொருகியிருக்கான் பாரு என்பார், போய்ப் பார்த்தால் மாற்றித்தான் சொருகியிருப்பான்.

அன்றைக்கு அவர் தன் பழைய வால்வு செட்டில் ஒரு பாட்டை ஓடவிட்டு, வழக்கம்போல் கண்ணை இறுக மூடிக்கொண்டு, பாட்டுக்கு அடியில் ஓர் இரைச்சல் கேட்கிறதே, அது செட்டில் இருக்கிறதா தட்டில் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார். ரெஜினாள் மாவுக் கரண்டியோடு திரையை விலக்கிக்கொண்டு வந்து, "இந்தாங்க, நம்ம டெல்சி விஷயமா ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு அவள் சொன்னது எதுவும் அவர் காதில் விழவில்லை. "செத்த நேரம் கேக்க விடுட்டி" என்று கையை உயர்த்தினார். கல்யாணமான நாளிலிருந்து உயர்த்துகிற அதே கை. அவள் வாயை மூடினாள். மூடிய அந்த நொடியில் பாட்டு நின்றது; ஊசி ஓடிக்கொண்டுதான் இருந்தது, தட்டு சுற்றிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் பாடினவரும் வயலின்காரரும் தபேலாக்காரரும் எழுந்து எங்கேயோ இடம் விட்டுப் போயிருந்தார்கள். ரெஜினாளின் உதடு அசைந்தது. ஸ்பீக்கரிலிருந்து, "இட்லி அடிப்பிடிக்குது" என்று சத்தம் வந்தது.

ஊசி தட்டில் இருக்கும் வரைக்கும் அவள் பேசலாம். எடுத்துவிட்டால் ஒரு முனகல்கூட கிடையாது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, தொண்டை பிள்ளைத் தொண்டை மாதிரி சுத்தமாக இருக்கிறது, பிரச்சினை மின்சாரம் சம்பந்தப்பட்டது என்று சொல்லிக் கையைக் கழுவிவிட்டார். மாதா கோயில் சாமியார் வந்து தட்டின் மேல் தீர்த்தம் தெளிக்கப் போனார், ஊசி ஓடுகிற கோட்டில் தண்ணீர் இறங்கினால் சத்தம் கெட்டுப்போகும் என்று இன்னாசி தடுத்ததால் தட்டின் உறையை மட்டும் மந்திரித்துவிட்டுப் போனார். கேசட்டில் பிடித்துப் பார்த்தார்கள், வெறும் இரைச்சல்தான் பதிந்தது. எழுதிக் காட்டு என்று இன்னாசி சிலேட்டையும் குச்சியையும் நீட்டியபோது, ரெஜினாள் வாங்கி, குச்சியை மீன் கழுவுகிற தண்ணீரில் போட்டுவிட்டு, தன் காதைத் தொட்டுக் காட்டினாள். எழுதுவதாக இல்லை. கேட்டால் காதால் கேள்.

தெரு அதற்கும் பழகிக்கொண்டது. பழகிக்கொள்வதில் சிப்பிக்கடைத் தெருவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மீன்காரி கூடையை இறக்கி வைத்து, "மைனிக்கு ஊசி போடுங்க அண்ணாச்சி, பேரம் பேசணும்" என்று குரல் கொடுத்துவிட்டுக் காத்திருப்பாள். வோல்டேஜ் குறைந்தால் ரெஜினாள் ஆம்பிளைக் குரலில் இழுத்து இழுத்துப் பேசினாள் என்பதால், அவள் பேசுகிற நேரத்தில் யாரும் இஸ்திரிப் பெட்டி போடுவதில்லை, கிரைண்டர் ஓட்டுவதில்லை என்று தெருவே கூடி முடிவு செய்தது. அவசரமாக மாவு அரைக்க வேண்டியவர்கள் முதலில் ஆளனுப்பிக் கேட்டார்கள். கரண்ட் போனால், ஐயோ பாவம் ரெஜினா என்ன சொல்லிக்கிட்டிருந்தாளோ என்று எல்லா வீட்டிலும் ஒரு முறை உச்சுக் கொட்டினார்கள். ஜெபமாலை சொல்கிற நேரத்துக்கு அவள் இல்லாமல் எப்படி என்று தட்டையும் செட்டையும் தள்ளுவண்டியில் ஏற்றித் தெருமுனை மாதா கெபிக்குக் கொண்டுபோனார்கள், பின்னாலேயே ரெஜினாள் முக்காடு போட்டுக்கொண்டு நடந்துபோனாள்.

ஆனால் தட்டு தேய்ந்தது. அதைத்தான் இன்னாசி முதலில் கண்டார், கண்டதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஊசி ஒவ்வொரு முறை இறங்கும்போதும் கறுப்பு கொஞ்சம் வெளுத்துச் சாம்பல் ஆனது. வால்வு செட்டின் இரைச்சலில் அவள் பேச்சில் பாதி கரைந்துபோனது, டெல்சி என்று அவள் ஆரம்பித்ததெல்லாம் அந்தப் பாதியில்தான் போனது. என்ன, என்ன என்று எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்டார்கள், அவளும் திரும்பத் திரும்பச் சொன்னாள், தட்டு இன்னும் தேய்ந்தது. அந்த செட்டுக்குப் பதிலாக, தட்டின் சத்தத்தை வாங்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்க நல்ல ரிசீவர் ஒன்று வேண்டும், ஒரு தடவை சொன்னாலே விளங்குகிற மாதிரி. ஆனால் எது நல்ல ரிசீவர் என்று தெரிய வேண்டுமானால் போட்டுக் கேட்டுப் பார்க்க வேண்டும், கேட்கக் கேட்கத் தட்டு தீர்ந்துவிடும். அவர் ஆயுசில் எத்தனையோ பேருக்கு செட் பார்த்துக் கொடுத்திருக்கிறார், இப்படி ஒரு சோதனை வந்ததில்லை.

அதற்குள் டெல்சியின் நிச்சயதார்த்தம் வேறு நெருங்கிவிட்டது. டெல்சி அவர்களுடைய ஒரே மகள், நர்ஸிங் படிப்பில் பாதியில் இருந்தவள். மாப்பிள்ளை மிக்கேல் வீட்டுப் பையன், கப்பலில் எஞ்சினியர். சிப்பிக்கடைத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு: மாப்பிள்ளை வீட்டார் வாசலுக்கு வெளியே நிற்பார்கள், பெண்ணின் தாய் வாசல்படியில் நின்று, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, வீட்டுப் பேர் சொல்லி வாங்க என்று கூப்பிட வேண்டும். கூப்பிடாவிட்டால் படி ஏற மாட்டார்கள், கேள்வியும் கேட்க மாட்டார்கள், திரும்பிப் போய்விடுவார்கள். தாய் உயிரோடு இருக்கும்போது வேறு வாய் கூப்பிட்டால் செல்லாது. அதனால் ரெஜினாளுக்குக் குரல் வேண்டும், அந்தத் தேதிக்குள் வேண்டும், தட்டில் கோடு மிச்சம் இருக்கும்போதே வேண்டும்.

இன்னாசி கப்பல் சாமான் விற்கிற சுல்தான் பாய் கடைக்குப் போனார். கப்பல்காரர்கள் இறக்கிவிட்டுப் போகிற வாட்சு, பெர்ஃப்யூம், டேப்ரிக்கார்டர் எல்லாம் அங்கேதான் வரும். பாய் சமாச்சாரத்தைக் கேட்டு வருத்தப்பட்டு, போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றை வைத்துக்கொள்ளும் என்று இரண்டு ரிசீவர்களைத் தூக்கிக் கொடுத்தார். ஒன்று ஜப்பான் வெள்ளி ரிசீவர். முகம் முழுக்கப் பொத்தான், நீல வெளிச்சம், உள்ளே ஒரு முள் ஆடியது. மற்றது கறுப்பு, ஒரே ஒரு திருகு, சத்தம் கூட்டக் குறைக்க, அவ்வளவுதான்.

"இது என்ன பாய், மொட்டையா இருக்கு?"

"அது உள்ளதை உள்ளபடி குடுக்கும் இன்னாசி. அதான் ஒருத்தனும் வாங்க மாட்டேங்கான், வருஷக்கணக்கா கெடக்கு" என்றார் பாய்.

கறுப்பைத்தான் முதலில் மாட்டினார். பக்கத்து வீட்டு பெர்னத்தம்மா, மீன்காரி, கோயில் பாட்டு மாஸ்டர், யார் யாரோ வந்து முன்னறையில் அடைந்து நின்றார்கள். ஊசியை வைத்தார். தட்டில் உள்ள கீறல் எல்லாம் பொரிகிற சத்தத்தில், கரகரவென்று, காரமாக, காதைக் குடைகிற மாதிரி ஒரு குரல் எழுந்தது. "நான் சொல்லுததை என்னைக்காவது..." என்று அது ஆரம்பித்ததுமே பெர்னத்தம்மா காதைப் பொத்திக்கொண்டாள். "மாதாவே, நிப்பாட்டுங்க அண்ணாச்சி! நம்ம ரெஜினா இப்படியா பேசுவா?" இன்னாசி ஊசியைத் தூக்கிவிட்டார்.

அப்புறம் வெள்ளி. எர்த் வயரைப் பிணைத்ததும் இரைச்சல் அடங்கியது. அதிலே ஒரு பொத்தான், தட்டின் கீறல் சத்தத்தை வடிகட்டுகிற பொத்தான். இன்னாசி தொழில்காரர், கை தானாக அதன் மேல் போனது, யார் வீட்டு செட்டானாலும் அதைத்தான் முதலில் அமுக்குவார். அமுக்கினார். கண்ணை மூடிக்கொண்டார். "ஆமாங்க" என்று குரல் வந்தது. "சரிங்க. உங்க இஷ்டம்தாங்க." அவ்வளவு நைசு, அவ்வளவு இனிப்பு. முன்னறையே கைதட்டியது. பாட்டு மாஸ்டர் கிறிஸ்துமஸுக்கு இந்தக் குரலைத் தனியாக ஒரு பாட்டுப் பாடவிட வேண்டும் என்றார். மீன்காரி, "மைனி இப்பம்லா மைனி" என்றாள். கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்கள். "வாங்க, மிக்கேல் வீட்டுக்காரங்களே வாங்க" என்றது ஸ்பீக்கர். தெருவுக்கே நெஞ்சு நிறைந்துவிட்டது.

கண்ணைத் திறந்து வைத்திருந்தது டெல்சி ஒருத்திதான். அம்மாவின் உதடு நிறையப் பேசுவதையும், ஸ்பீக்கரில் கொஞ்சம்தான் வருவதையும் அவள் பார்த்தாள். பார்த்து என்ன செய்ய? அப்பாவிடம் அவள் நேராக ஒரு வார்த்தை பேசிப் பழக்கமில்லை. செருப்பு அறுந்தாலும், பரீட்சைக்குப் பணம் கட்ட வேண்டுமானாலும், "அப்பாட்ட சொல்லும்மா" என்பாள். அம்மா திரையை விலக்கிக்கொண்டு போய், "இந்தாங்க, பிள்ளை சொல்லுதா" என்று ஆரம்பிப்பாள். அந்த வீட்டில் மகள் பேச்சு அப்பா காதுக்குப் போகிற வழியே அம்மாவின் வாய்தான். அந்த வழி இப்போது அடைபட்டுக் கிடந்தது. டெல்சி திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நின்றுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எல்லாரும் கலைந்த பிறகு இன்னாசிக்கு ஒரு பயம் பிடித்தது. இரண்டு குரலில் எது ரெஜினாளின் குரல்? சரி, நாமே நினைவுபடுத்திப் பார்ப்போம் என்று உட்கார்ந்தார். தான் முதன்முதலில் வாங்கிய செட்டின் உறுமல் நினைவுக்கு வந்தது. இரவல் கொடுத்துத் திரும்பி வராத மைக்கின் கிணுகிணுப்பு நினைவுக்கு வந்தது. மழையில் நனைந்து செத்த கூம்புகளின் கடைசி விக்கல் ஒவ்வொன்றும் தனித்தனியாக நினைவுக்கு வந்தது. ரெஜினாளின் குரல் வரவில்லை. தேடினார், தேடினார், அவள் புடவை வந்தது, மாவுக் கரண்டி வந்தது, அவள் வாய் அசைவதும் தன் கை உயர்வதும் வந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. இவ்வளவு காலம் கூடவே இருந்தவள் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அன்றைக்குக் கரண்டியோடு வந்து அவள் என்னதான் சொன்னாள் என்பதும் தெரியாது. போய்க் கேட்கலாம் என்றால் தட்டு தாங்குமா என்று பயம். அவரைப் போல் ஒரு காதுக்காரர் பெர்னத்தம்மாவிடம் போய், "நம்ம ரெஜினா குரல் எது, வெள்ளியா கறுப்பா?" என்று கேட்க வேண்டியதாயிற்று. "இதுல என்ன சந்தேகம், வெள்ளிதான்" என்றாள் பெர்னத்தம்மா. தெருவில் யாரைக் கேட்டாலும் வெள்ளிதான். அதையே வைத்துக்கொண்டார்.

நிச்சயதார்த்தச் சாயங்காலம் சிப்பிக்கடைத் தெருவில் ஒரு மின்விசிறிகூட ஓடவில்லை. எல்லா வோல்டேஜும் ரெஜினாளுக்கு. முன்னறை மேஜையில் வெள்ளி ரிசீவர் நீலமாக எரிந்தது, கறுப்பு ரிசீவர் திருப்பிக் கொடுப்பதற்காகச் சணல் கட்டி மூலையில் கிடந்தது, வாசல் நிலைக்கு மேலே கூம்பு கட்டியிருந்தது. தட்டங்களில் பழம், பூ, முந்திரி மக்ரூன். மிக்கேல் வீட்டுக்காரர்கள் வந்து வாசலுக்கு வெளியே வரிசையாக நின்றார்கள். ரெஜினாள் பட்டுப்புடவையில் படியில் போய் நின்றாள். டெல்சி திரைக்குப் பக்கத்தில் நின்றாள்.

இன்னாசி தட்டை இரண்டு கையாலும் எடுத்தார். விளக்குக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் அந்தப் பக்கமிருந்து தெரிந்தது. அவ்வளவு மெலிந்துவிட்டது. கடைசிக் கோட்டு வளையங்கள்தான் மிச்சம், ஒரு பேச்சுக்குக் காணும், இரண்டுக்குக் காணாது. அதனால் அன்றைக்கு அவரால் கண்ணை மூட முடியவில்லை. ஊசியை இறக்கினார். ரெஜினாள் வாசலைப் பார்த்து நிற்காமல் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"வா..." என்றது கூம்பு.

ரெஜினாளின் உதடு 'வா' சொல்லவில்லை. வேறு என்னவோ சொன்னது, வேகமாக, கண்ணில் நீர் முட்ட. இன்னாசி அதைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் பேசும்போது அவர் கண் திறந்திருந்தது, உதடு ஒன்று சொல்ல ஸ்பீக்கர் ஒன்று சொல்கிறதே, ஐயோ, இந்தப் பொத்தான் கீறலை வடிகட்டவில்லை, இவளை அல்லவா வடிகட்டியிருக்கிறது என்று அவருக்கு உறைத்தது. ஊசியை வெடுக்கென்று தூக்கினார்.

தெரு மூச்சை இழுத்தது. "என்னண்ணாச்சி?" என்றாள் பெர்னத்தம்மா. இன்னாசி மேஜைக்குப் பின்னால் போனார். வெள்ளி ரிசீவரின் பின்னாலிருந்து வயர்களைப் பிடுங்கினார், மூலையில் கிடந்ததை இழுத்துச் சணலைப் பல்லால் கடித்து அறுத்தார், அதைத் தரையிலேயே வைத்து வயர்களைச் சொருக ஆரம்பித்தார். அதுவா, அது வேண்டாம், அது நல்லாவே இல்லை என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். பாட்டு மாஸ்டர் கையைப் பிடித்தார், இன்னாசி உதறினார். வெளியே மாப்பிள்ளையின் அப்பா மிக்கேலுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னவே, சொந்தபந்தத்தையெல்லாம் தெருவுல நிக்க வச்சு வித்தை காட்டுதீரா?" என்றார்.

அவசரத்தில் எர்த் வயர் நழுவி எங்கேயோ போய்விட்டது. கறுப்பு ரிசீவரைப் போட்டதும் ஹூம் என்று இரைச்சல் கிளம்பி வீட்டை நிறைத்தது. வியர்வையில் அவருக்குக் கண் தெரியவில்லை, தரையில் தடவினார். வாசல்படியிலிருந்து ரெஜினாள் உள்ளே வந்தாள். குனிந்து வயர் முனையை எடுத்தாள், தட்டு சுற்றுகிற இயந்திரத்தின் இரும்பில் வைத்துத் தன் விரலாலேயே அழுத்திப் பிடித்தாள். இரைச்சல் நின்றது. அவள் தலையசைத்தாள். இன்னாசி ஊசியை வைத்தார்.

கரகரவென்று, பொரிந்து, கீறி, தெருக்கோடி வரை அந்தக் காரமான குரல் போனது:

"எப்பவும் நான்தான் வந்து சொல்லுதேன், நீங்க கையைத் தூக்குதிய. இனிமே நான் சொல்ல மாட்டேன். இந்தக் கல்யாணத்தைப் பத்தி நம்ம பிள்ளை மனசுல என்ன இருக்குன்னு அவகிட்ட நீங்களே கேளுங்க. அன்னைக்கும் இதைத்தான் சொன்னேன். ஒரு தடவை கேளுங்க."

அதோடு கோடு முடிந்தது. ஊசி வழுக்கி நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தில் ஏறிச் சுரண்டியது. தட்டு கண்ணாடிபோல் வழவழவென்று ஆகியிருந்தது, அதில் இனி ஒரு எழுத்தும் கிடையாது.

இன்னாசி முழங்காலில் இருந்தபடியே திரைப் பக்கம் திரும்பினார். மகளிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. "டெல்சி" என்றார். "சொல்லும்மா. நான் கேக்கேன்."

டெல்சி பழக்கத்தில் அம்மாவைப் பார்த்தாள். அம்மா வாயைத் திறக்காமல், மோவாயால் அப்பாவைக் காட்டினாள். வெளியே நிற்கிறவர்கள், உள்ளே அடைந்து நிற்கிறவர்கள், எல்லார் கண்ணும் அந்தப் பெண் மேல்.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்ப்பா" என்றாள் டெல்சி. "அவங்க நல்லவங்கதான். நான் நர்ஸிங் முடிக்கணும். அம்மாட்ட அன்னைக்கே சொன்னேன்."

இன்னாசி உட்கார்ந்துவிட்டார். அவள் சொன்னதைக் கேட்டார், முழுக்கக் கேட்டார். ஆனால் அதற்கும் முன்னால், முதல் வார்த்தையிலேயே, வேறொன்றும் அவருக்குக் கேட்டுவிட்டது. இந்தக் குரல். எங்கெல்லாம் தேடினார் இதை! கல்யாணத்துக்கு முன்னால் கோயில் வாசலில் ஒரு பாவாடை தாவணிக்காரி, மைக் கட்டிக்கொண்டிருந்த அவரை நிமிர்ந்து பார்த்து, பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கிறீங்களா, பேசுறது கேக்கல என்று சொன்னாளே, அந்தக் குரல். வெள்ளியும் இல்லை, கறுப்பும் இல்லை. கொஞ்சம் கரகரப்பு, கடைசியில் சின்னதாக ஒரு தூக்கல். பெற்ற பிள்ளையின் தொண்டையில் அப்படியே இருந்திருக்கிறது, அதையும் அவர் கேட்டதில்லை. எல்லார் முன்னிலையிலும் அவர் அழுதார். தெரு அதற்கும் ஆச்சரியப்படவில்லை, தலையைக் குனிந்துகொண்டது.

வாசலில் யாரும் யாரையும் கூப்பிடவில்லை. "பிள்ளை சொல்லிட்டா, பிறகென்ன" என்றார் மிக்கேல். குரலில் வருத்தம் இருந்தது, சண்டை இல்லை. அவர் வீட்டுக்காரர்கள் வழக்கப்படி கேள்வி கேட்காமல் திரும்பினார்கள். கூட்டமும் கலைந்தது. வெள்ளி செட்டில் எவ்வளவு லட்சணமாகப் பேசினாள், கெடுத்துவிட்டாரே மனுஷன் என்று பெர்னத்தம்மா தெருமுனை வரை அங்கலாய்த்துக்கொண்டே போனாள். ஒவ்வொரு வீட்டிலும் மின்விசிறி திரும்பச் சுற்ற ஆரம்பித்தது.

இன்னாசி வாசலைப் பார்த்து உட்கார்ந்தே இருந்தார். ஒன்றும் சுற்றாத தட்டு, ஒன்றும் ஒலிக்காத கூம்பு, கறுப்பு ரிசீவர் மட்டும் சூடாக எரிந்துகொண்டிருந்தது. ரெஜினாளின் குரலைக் கடைசிச் சொட்டு வரை செலவழித்துவிட்டோமே என்று நினைத்தார். இனி அவள் என்ன சொன்னாலும் உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், பார்ப்பேன், கண்ணை மூட மாட்டேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"அதை அணைச்சிட்டு வந்து சாப்பிடுங்க" என்று முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"வாரேன் டெல்சி" என்றார். இன்றைக்கு ஒரு தடவை வாயைத் திறந்தாள், இனிமேல் அப்பாவிடம் நேராகவே பேசுவாள்போல என்று நெஞ்சு லேசாகித் திருகைத் திருப்பி அணைத்தார், எழுந்தார், திரும்பினார். தட்டத்துக்குப் பக்கத்தில் அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். டெல்சியின் வாய் நிறைய, பேச இடமில்லாமல், மக்ரூன் இருந்தது.